கன்னம் வற்றும் வேகம்

மருந்து ஒருவரின் கன்னத்தைக் கரைப்பது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி அல்ல. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, முதல் எட்டு மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அந்தக் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. விலை குறைவு, பலன் விரைவு. சாவின் வாசலிலிருந்து எத்தனையோ பேரை அது திருப்பிக் கொண்டுவந்தது. ஆனால் நாள்பட்டுச் சாப்பிட்டவர்களில் பலருக்குக் கன்னம் ஒட்டியது, நெற்றிப்பொட்டு குழிந்தது, கைகால்களில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. உடம்பு தேறிக்கொண்டிருக்க, முகம் மட்டும் நோயாளியின் முகமாக மாறிக்கொண்டிருந்தது. நோயை மறைத்து வாழ்ந்தவரை அந்தக் கன்னமே ஊருக்குக் காட்டிக்கொடுத்தது. அதற்கு அஞ்சி மருந்தையே விட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. 2009 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு அறிவுறுத்தியது.

இப்போது எடை குறைக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. வாரம் ஒரு முறை வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்ளும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு ஊசிகளால் வேகமாக இளைத்தவர்களுக்கும் கன்னம் வற்றுகிறது, கண்ணுக்குக் கீழே குழி விழுகிறது, தாடையோரம் தோல் தொய்கிறது. நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் பால் ஜேரட் ஃபிராங்க், செமாக்ளூடைடின் விற்பனைப் பெயரைக் கொண்டு, இதை ‘ஓசெம்பிக் முகம்’ என்றார். 2023 தொடக்கத்தில் அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. அங்கே அது பெரும்பாலும் திரைத்துறையினரின், வசதி படைத்தவர்களின் அழகுக் கவலை. இந்தக் கட்டுரை அதைத் திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வைத்துப் பார்க்கிறது. உடலுழைப்பை நம்பிப் பிழைக்கும் ஊரில் வற்றிய கன்னத்தை அழகுப் பிரச்சினையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. எடை எவ்வளவு வேகமாகப் போகிறது, கொழுப்போடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போகிறது என்ற கேள்விகளை எழுப்பும் அடையாளம் அது.

ஊதியமும் ஊசியும்

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டரில், கொல்கத்தா நெடுஞ்சாலையும் கூடூர் ரயில் பாதையும் பக்கம்பக்கமாக ஓடும் இடத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது கும்மிடிப்பூண்டி. அதன் சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள், வார்ப்படக் கூடங்கள், ரசாயன ஆலைகள், உதிரிபாகத் தொழிற்சாலைகள். சற்றுத் தள்ளித் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் டயர் ஆலை. உள்ளூர் நிரந்தரப் பணியாளர்களும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் ஷிப்ட் கணக்கில் உழைக்கும் பகுதி இது.

உலைக்கு முன்னால் நின்று வேலை செய்பவர்களிடம் பருமன் ஏது என்று தோன்றலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. தமிழ்நாட்டில் மிகை எடையோ பருமனோ உள்ள பெண்கள் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4. ஆண்களிடம் 28.2 விழுக்காடு, 37 ஆனது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. நாட்டின் சராசரி 11.4. இரவு ஷிப்ட் உறக்கத்தைக் குலைக்கிறது. குலைந்த உறக்கம் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. நள்ளிரவில் டீயும் பன்னும், விடிந்ததும் பரோட்டாவும் என்று ஓடும் சாப்பாடு மீதியைப் பார்த்துக்கொள்கிறது. எந்திரங்கள் வந்தபின் பல ஆலைகளில் வேலை என்பது எட்டு மணி நேரம் நின்றபடி பொத்தானை அழுத்துவதுதான். களைப்பு குறையவில்லை, உடல் செலவழிக்கும் ஆற்றல்தான் குறைந்தது.

இந்தச் சூழலுக்குள்தான் ஊசி வருகிறது. 2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனம் டிர்செபடைடை ‘மவுன்ஜாரோ’ என்ற பெயரில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆகக் குறைந்த அளவுக்கு வாரம் 3,500 ரூபாய், அடுத்த அளவுக்கு 4,375 ரூபாய். ஜூனில் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் செமாக்ளூடைடு ஊசியான ‘வீகோவி’ வந்தபோது தொடக்க அளவுக்கு மாதம் 17,345 ரூபாய். நவம்பரில் அதன் விலை 37 விழுக்காடு வரை வெட்டப்பட்டது. டிசம்பரில் ‘ஓசெம்பிக்’ தொடக்க அளவு வாரம் 2,200 ரூபாய் என்ற விலையில் சந்தைக்கு வந்தது. தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தின் மருத்துவம், அதாவது இ.எஸ்.ஐ., மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுபவர்களுக்கு உரியது. அந்த வரம்பின் உச்சியில் இருப்பவருக்குக்கூட முதலாண்டு விலையில் ஊசி வாங்கினால் ஊதியத்தில் கணிசமான பகுதி போய்விடும். ஆனால் செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிந்தது. இந்திய நிறுவனங்கள் பல அதைத் தயாரிக்க ஆயத்தமாயின. முதலாளிக்கும் மேலாளருக்கும் எட்டிய மருந்து சூப்பர்வைசருக்கு எட்டி, அப்புறம் ஆபரேட்டரிடமும் வந்து சேர்வதற்கு விலை மட்டுமே தடையாக இருந்தது. அந்தத் தடை தளர்கிறது.

மருந்தின் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2021இல் வெளியான ஆய்வில் செமாக்ளூடைடு போட்டுக்கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தார்கள். 2022இல் டிர்செபடைடின் உச்ச அளவு 72 வாரங்களில் 20.9 விழுக்காடு குறைத்தது. 2023இல், ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் இருந்த 17,604 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு ஆகியவற்றின் ஒட்டுமொத்த வாய்ப்பைச் செமாக்ளூடைடு 20 விழுக்காடு குறைத்தது. நாற்பதுகளிலேயே மாரடைப்புக்கு ஆளாகும் சமூகத்துக்கு இது பெரிய செய்தி. ஆகவே கன்னம் ஒட்டுகிறது என்பதற்காக மருந்தை வேண்டாம் என்று சொல்லிவிட இயலாது. கன்னம் ஒட்டுவதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம் என்பதே கேள்வி.

முகத்துக்குள் நடப்பது

முகத்தின் கொழுப்பு ஒரே படலமாகப் பரவியிருப்பதில்லை. 2007இல் ராட் ரோரிச், ஜோயல் பெசா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இறந்தவர்களின் முகத்தில் சாயம் செலுத்திப் பார்த்தார்கள். சாயம் எல்லா இடமும் பரவாமல் எல்லை கட்டியதுபோல் நின்றது. முகத்தின் கொழுப்பு தனித்தனி அறைகளாகப் பிரிந்திருப்பது அப்படித் தெளிவானது. தோலை ஒட்டி மேலறைகள். தசைக்கு அடியில், எலும்பை ஒட்டி ஆழ்ந்த அறைகள். ஆழ்ந்தவை கன்னத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. மேலுள்ளவை மேடுபள்ளத்தை நிரவுகின்றன. இவற்றுக்கு நடுவே எலும்பிலிருந்து தோல்வரை ஓடும் நார்கள் தோலை அதனதன் இடத்தில் கட்டிவைக்கின்றன.

எடை குறையும்போது இந்த அறைகள் சுருங்குகின்றன. எல்லாம் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நார்களோ இருந்த நீளத்தில் இருக்கின்றன. பந்தல் கால்களைச் சற்றே இறக்கினால் துணி தொய்ந்து, கட்டிய இடங்களில் மட்டும் இழுபடுவதைப் போல, கன்னத்தின் நடுவில் பள்ளமும் வாயோரத்தில் மடிப்பும் தாடைக்கடியில் தொங்கலும் உண்டாகின்றன. தோல் தன்னைச் சுருக்கிக்கொள்ள வல்லது. அதற்குக் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகள் புதிதாக அடுக்கப்பட வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் நேரமும் போதிய புரத உணவும் தேவை. வெயிலில் காய்ந்த தோல், புகைபிடிப்பவரின் தோல், நடுவயதைக் கடந்த தோல் ஆகியவற்றில் இந்த இழைகள் ஏற்கெனவே நைந்திருக்கும். லாரியில் சரக்கு ஏற்றுபவர், கட்டடம் கட்டுபவர் என ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற முகங்களில், அதே பத்து கிலோ குறைவு அலுவலகத்தில் இருப்பவருடையதைவிடக் கூடுதலாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

வயதின் பங்கை விளக்கும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் பாமன் குயூரானும் குழுவினரும் 186 ஜோடி ஒத்த இரட்டையரின் முகங்களை ஒப்பிட்டு 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரபணு ஒன்றே, வாழ்ந்த விதம்தான் வேறு. நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களில் எடை கூடிய இரட்டையர் முதியவராகத் தெரிந்தார். நாற்பதைத் தாண்டியவர்களில் நிலைமை தலைகீழ்: எடை கூடியவரே இளையவராகத் தெரிந்தார். முப்பது வயதில் இளைத்தால் முகம் களையாகிறது. ஐம்பது வயதில் அதே இளைப்பு வயதைக் கூட்டிக் காட்டுகிறது. நீரிழிவுக்காக ஊசி போடுபவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மருந்தே முகத்தைக் குறிவைத்துத் தாக்குகிறதா? அதற்குச் சான்று இல்லை. இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடமும், கடும் பட்டினியால் இளைத்தவர்களிடமும் இதே முகத்தைப் பார்க்கலாம். 2025இல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வொன்று, இந்த மருந்துகளை எடுத்த 20 பேரின் முகப் படங்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்தது. உடல் எடையில் 10 கிலோ குறைந்தால் நடுமுகத்தின் கொள்ளளவு சுமார் 7 விழுக்காடு குறைவதாக அது மதிப்பிட்டது. இருபது பேரை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் மாற்றம் இழந்த எடையின் கணக்கோடு நகர்கிறது என்ற போக்கு அதில் தெரிகிறது.

ஸ்டாவுடினிலிருந்து இது வேறுபடும் இடமும் இதுதான். அந்த மருந்து கொழுப்புச் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவையே சேதப்படுத்தியது. செல் செத்தால் திரும்புவதில்லை. மருந்தை நிறுத்தியும் பலருக்குக் கன்னம் முழுதாக மீளவில்லை. செமாக்ளூடைடு குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல நடந்து, மூளையில் பசியைத் தணித்து, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. உள்ளே போகும் உணவு குறைகிறது. உடல் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. செல் சுருங்குகிறது, சாவதில்லை. எனவே இங்கே முகம் எப்படி மாறும் என்பதை எடை குறையும் அளவும் வேகமும் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஸ்டாவுடினின் நஞ்சைக் கட்டுப்படுத்துவது கடினமாக இருந்தது. எடை குறையும் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியும்.

வற்றிய கன்னத்தை நிரப்பும் தொழில் இதற்குள் வளர்ந்துவிட்டது. அதில் பயன்படும் பொருள்களில் ஒன்றான பாலி-எல்-லாக்டிக் அமிலத்துக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் முதன்முதலாக அனுமதி தந்ததே எச்.ஐ.வி. நோயாளிகளின் ஒட்டிய கன்னத்துக்காகத்தான். அழகுத் தேவைக்கான அனுமதி 2009இல் வந்தது. எடை நிலைபெறும் முன் நிரப்பினால் அடுத்த சில மாதங்களில் பக்கத்தில் புதிய பள்ளம் விழும். நிரப்பியபின் கன்னம் மேடாகத் தெரியலாம். உடம்பில் வேறெங்கோ நடக்கும் இழப்பு அதனால் நிற்காது.

தசையின் கணக்கு

தராசு இழந்த எடையைச் சொல்லும். அதில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று சொல்லாது. செமாக்ளூடைடு ஆய்வில் 140 பேரின் உடலமைப்பைக் கதிர்ப்படம் மூலம் அளந்தபோது, இழந்த எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொழுப்பல்லாத நிறையாக இருந்தது. டிர்செபடைடு ஆய்வில் 160 பேரிடம் அது சுமார் கால் பங்கு. கொழுப்பல்லாத நிறை முழுவதும் தசை அல்ல. நீரும் உள்ளுறுப்புகளும் அதில் அடக்கம். எனினும் 80 கிலோ எடையுள்ளவர் 12 கிலோ குறைந்தால், அதில் 3 முதல் 5 கிலோவரை கொழுப்பு அல்லாதது என்று கொள்ளலாம்.

மேலைநாட்டுக் கணக்கை இங்கே அப்படியே வைத்துவிடக் கூடாது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் ஜான் யுட்கின் ஆகிய இரு மருத்துவ விஞ்ஞானிகள் 2004இல் ‘லேன்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறைக் குறியீடும் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலில் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை. தசைக் கையிருப்பே குறைவாக உள்ளவர் எடையோடு சேர்த்துத் தசையையும் இழந்தால், மிஞ்சுவது எவ்வளவு என்பதைப் பொறுத்தே வேலை நடக்கும். கம்பிக் கட்டைத் தூக்குவதும், ஏணியில் ஏறுவதும், எட்டு மணி நேரம் நிற்பதும் தசையின் வேலைகள். முழங்காலின் சுமை குறைந்து நடை எளிதானவருக்கே, இடுப்பில் வலு இல்லாமல் சுமை தூக்குவது கடினமாகிவிடக்கூடும்.

சாப்பாட்டு வரிசையிலும் இந்தக் கணக்கு மாறுகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடையுள்ளவருக்கு 54 கிராம். எடை குறையும் காலத்தில் தசையைக் காப்பாற்ற இதைவிடக் கூடுதலாகவே மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேண்டீன் தட்டில் முதலில் விழுவது சோறு, அப்புறம் சாம்பார், ரசம், பொரியல். முட்டை கடைசியில், அதுவும் கிடைக்கிற நாளில். ஊசி போட்டவருக்கு நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. சோற்றோடு நிறுத்திக்கொள்பவரின் உடலுக்குள் போதிய புரதம் போவதில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. சுண்டலும் நிலக்கடலையும் கைக்கெட்டும் விலைதான். பழவேற்காட்டு ஏரி இதே மாவட்டத்தில். மீனும் கருவாடும் சந்தைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. எதை முதலில் சாப்பிடுவது என்ற வரிசையை மாற்றுவதற்குக் கூடுதல் செலவு பெரிதாக இல்லை.

உணவோடு உடற்பயிற்சியும் சேர வேண்டும். டென்மார்க்கில் 195 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இதே வகை மருந்தான லிராகுளூடைடும் உடற்பயிற்சியும் சேர்ந்தபோது உடற்கொழுப்பின் விகிதம் தனித்தனியாகச் செய்ததைவிட ஏறத்தாழ இரு மடங்கு குறைந்தது. ஆலையில் நிற்பதே உடற்பயிற்சி என்று எண்ணுபவர்கள் பலர். ஒரே இடத்தில் நிற்பது கால் வலியைத் தருமே தவிர, தசையை வளர்க்காது. தசை வளர, அது தாங்கும் சுமை சிறிது சிறிதாகக் கூட வேண்டும். இடையே ஓய்வும் வேண்டும்.

மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை 2022இல் வெளியான தொடராய்வு காட்டியது. வாரக் கூலி, மாத ஓ.டி., பண்டிகைச் செலவு என்று பணம் வருவதும் போவதுமாக இருக்கும் வீட்டில், ஊசியும் சில மாதம் போடுவதும் சில மாதம் விடுவதுமாகத்தான் நடக்கும். கொழுப்பு தானாகவே திரும்பிவிடும். தசையைத் திரும்பச் சேர்க்க உழைப்பும் உணவும் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எடை பழைய இடத்துக்கு வந்து, வலு மட்டும் ஒரு படி இறங்கி நிற்கும் ஆபத்து இதில் இருக்கிறது.

கவசம் பொருந்தும் முகம்

தொழிற்பேட்டையில் முகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. சுவாசக் கவசம் மூக்கின் மேற்புறத்திலும் கன்னத்திலும் தாடையிலும் ஒட்டி நின்றால்தான் காற்று வடிகட்டியின் வழியே போகும். ஓரத்தில் மெல்லிய இடைவெளி விழுந்தால், தூசியும் புகையும் வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே மூக்குக்கு வந்துவிடும். வார்ப்படக் கூடத்தின் சிலிக்கா தூசிக்கும், வெல்டிங் புகைக்கும், ரசாயன ஆவிக்கும் அந்த இடைவெளி போதும்.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள், இறுக்கமான கவசம் அணிபவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை பொருத்தச் சோதனை வேண்டும் என்கின்றன. முகத் தழும்பு, பல் மாற்றம், அழகு அறுவை, கண்ணுக்குத் தெரியும் எடை மாற்றம் ஆகியவை ஏற்பட்டால், அந்த ஓராண்டுக்குக் காத்திராமல் மீண்டும் சோதிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கவசம் அணிபவர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம், 20 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 9 கிலோவுக்கு மேல் எடை குறைந்தவர்களை மறுசோதனை செய்யுமாறு பரிந்துரைத்தது. ஊசியால் ஒன்பது கிலோ குறைவது சில மாதங்களில் நடந்துவிடுகிறது. ஆனால் எடை குறைந்த செய்தி ஆலையின் பாதுகாப்பு அலுவலருக்கு எட்டுவதற்கு வழி இல்லை. ஊசி போட்டவர் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. கவசம் பெட்டியில் வந்த அளவில் கொடுக்கப்படுகிறது, கையெழுத்து வாங்கப்படுகிறது. அழகு நிலையத்தில் கவலையாகப் பேசப்படும் அதே கன்னப்பள்ளம் இங்கே நுரையீரலின் பிரச்சினையாகிவிடுகிறது.

வெப்பமும் கவனிக்க வேண்டியது. இந்த ஊசிகளின் தொடக்க வாரங்களில் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு சாதாரணம். பசியோடு சேர்ந்து தண்ணீர் குடிக்கும் நினைவும் குறைந்துவிடலாம். நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும் என்று மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது. உலைக்கு முன்னால் வியர்வை கொட்ட நிற்பவருக்கு இது ஏட்டு எச்சரிக்கை அல்ல. நீர் வற்றிய முகமும் குழிந்துதான் தெரியும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ சேர்த்து எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனக் கீழே இறங்கும் ஆபத்தும் உண்டு. அது ஓடும் எந்திரத்தின் பக்கத்தில் நடக்கலாம்.

தவறாகப் படிக்கப்படும் முகம்

‘பூசினாற்போல’ இருப்பதே நலத்தின் அடையாளமாக இருந்த ஊர்கள் இவை. திருவள்ளூர் வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் பக்தர்கள் வெல்லம் கரைப்பது, நோய் அப்படிக் கரைய வேண்டும் என்பதற்காக. கரைய வேண்டியது நோயே. உடம்பு தேற வேண்டும் என்பதுதான் வேண்டுதல். அதனால் எடை குறைத்தவர் பாராட்டை எதிர்பார்த்து வீட்டுக்குப் போனால், “இன்னாபா, மூஞ்சி இப்டி வத்திப்போச்சு, சக்கரை வந்துட்சா?” என்ற கேள்விதான் வரவேற்கிறது. ஒட்டிய கன்னத்துக்கு இங்கே குடி, காசநோய், சர்க்கரை, கடன், மனக்கவலை என்று ஆயத்தமான விளக்கங்கள் உண்டு. ஊசி அந்த வரிசையில் இன்னும் சேரவில்லை. அம்மாவின் கவலையைத் தணிக்க மருந்தை நிறுத்திவிடுபவர் இருக்கலாம். ஊசி போடுவதையே வெளியே சொல்லாமல் இருப்பவரும் இருக்கலாம்.

இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கக்கூடும், அதுதான் ஆபத்தானது. ஊசி பரவலாகப் பழக்கத்துக்கு வந்தபின், எந்த இளைப்பையும் ஊசியின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. சிலிக்கா தூசியை நாள்பட்டுச் சுவாசித்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதாக வேரூன்றும். வார்ப்படக் கூடத்தில் வேலை, சர்க்கரை, வாராந்திர ஊசி மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்போது, கன்னம் ஒட்டுவதற்கு எது காரணம் என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தைராய்டு மிகைப்பும் புற்றுநோயும் இதே வேடத்தில் வரக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனைக்குப் பிறகே ஊசியைக் காரணமாக ஏற்க வேண்டும். மருந்தின் அளவு மாறாமல் இருக்கும்போது இளைப்பு திடீரென வேகம் எடுத்தாலும் அப்படியே.

வேகத்தைக் கட்டுவது

டிர்செபடைடின் அளவை நான்கு வாரத்துக்கு ஒரு படி உயர்த்தலாம் என்பது மருந்துக் குறிப்பு. முதல் படியைத் தாண்டியபின், உயர்த்தியே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. வாரம் அரை கிலோ முதல் ஒரு கிலோ என்பது பொதுவாகப் பாதுகாப்பாகக் கருதப்படும் வேகம். அதைத் தாண்டி எடை ஓடினால், அதே அளவில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு மருத்துவரின் கையில் இருக்கிறது. மாதத்துக்குக் கட்டிய பணத்துக்கு அதிகக் கிலோ குறைய வேண்டும் என்று நினைப்பவருக்கு இதை ஒப்புக்கொள்வது கடினம். விலை இறங்குவதால் கிடைக்கும் நன்மையை இங்கே பயன்படுத்திக்கொள்ள வேண்டும்: அவசரமில்லாமல், சிறிய அளவில், நீண்ட நாள் எடுக்க விலை குறைந்த மருந்தே இடம் தரும்.

இதைத் தனியொருவர் பொறுப்பில் மட்டும் விடத் தேவையில்லை. கட்டமைப்பின் துண்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. 2024இல் அது தொழிலிடங்களுக்கும் விரிந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவச உடற்பரிசோதனையை வேலை தருபவரின் கடமையாக்கியிருக்கின்றன. இரட்டையர் ஆய்வில் எடைக்கும் முகத்தோற்றத்துக்குமான உறவு தலைகீழானதும் அதே வயதில்தான். அந்தப் பரிசோதனையில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பதோடு தசையையும் பார்க்கலாம். ஆசிய நாடுகளின் தசைநலிவுக் குழு 2019இல் வகுத்த அளவுகோல் எளியது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ எடுத்தால், கவனம் வேண்டும். கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தாலும் அப்படியே.

ஊசி தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்த அளவுகளை எடுத்துவைத்தால், வற்றிய கன்னத்தைப் பார்த்து அனுமானிக்க வேண்டியிருக்காது. எடை குறைந்து, எழுந்து உட்காரும் நேரமும் குறைந்தால் போகிற போக்கு நல்லது. கன்னத்தை அதன் போக்கில் விடலாம். எடை குறைய, நேரம் கூடினால் மருந்தின் அளவையும் சாப்பாட்டையும் அன்றே திருத்த வேண்டும். ஒன்பது கிலோவைத் தாண்டியவருக்குக் கவசத்தை மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். இவற்றைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சம் கான்ட்ராக்ட் தொழிலாளியிடம் இருக்கும்வரை எந்தப் பதிவேடும் நிரம்பாது. ஆகவே பரிசோதனை முடிவு மருத்துவரிடமே நிற்க வேண்டும், ஆள் குறைக்கும் பட்டியலுக்குப் போகக் கூடாது. எடை பார்க்கும் எந்திரமும் நாற்காலியும் கடிகாரமும் எந்த ஆலைக்கும் எட்டாத பொருள்கள் அல்ல. தொழிலாளி தயங்காமல் வந்து உட்காரும்படி பரிசோதனை அறையை நடத்துவதுதான் இனி நிர்வாகமும் தொழிற்சங்கமும் இ.எஸ்.ஐ. மருத்துவரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.